ரைனுக்கு அங்கால் ஒரு குசினி

ஜெயமலருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அந்த எதிரி ரைன் ஆற்றுக்கு அங்கால், ஜெர்மனிப் பக்கத்துச் சின்ன நகரம் ஒன்றில், கத்தோலிக்கச் சாமியார் குடியிருக்கும் அறைவீட்டின் குசினியில் நின்று, ஜெயமலரின் தம்பிக்கு உப்பில்லாத சூப் காய்ச்சுகிறாள். பெயர் வால்ட்ரவுட்.

ஜெயமலர் எனக்கு யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு நேரே இளைய தம்பி இளவாலை மரியாம்பிள்ளை. அவருடைய மூத்த மகள் ஜெயமலர், கடைசிப் பிள்ளை அருட்செல்வன். இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஆகவே அவள் எனக்கு மச்சாள். அவள் கல்யாணம் முடித்த சூசைராசா என் புருஷனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்த வழியால் பார்த்தால் சகோதரி முறையும் வரும். மச்சாள் என்றால் சண்டை பிடிக்க வசதி என்று அதையே வைத்துக்கொண்டோம்.

அருட்செல்வன் பிறந்த கிழமையே மாமி செத்துப்போனார். ஜெயமலருக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடம் அன்றோடு சரி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் வளர்ந்தாள். அந்தப் பக்க இடுப்பு இன்றைக்கும் கொஞ்சம் உயரம். எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். லா ஷோ-து-ஃபோனில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. நத்தார் பண்டிகைக்கு ஒரு ரெலிபோன் கோல், என் பிறந்தநாளுக்கு ஒரு கோல், அதுவும் மனைவி ஞாபகப்படுத்தினால். ஜெயமலர் தம்பி தம்பி என்று உருகுவதை நான் எந்தக் கண்ணால் பார்த்திருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தாறில் அவள் சுவிசுக்கு வந்து ஷாஃப்ஹவுசனில் இறங்கினாள். மூன்று வருஷம் கழித்துச் சித்தப்பா ஒருவர் அருட்செல்வனை ஜெர்மனிக்குக் கூப்பிட்டார். வந்த இடம் பார்த்தால் ஆற்றுக்கு அங்கால்தான், பஸ்ஸில் அரை மணித்தியாலம். ஆனால் அகதி விண்ணப்பக் காகிதத்தோடு நாட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. அவனுக்கும் அதே கதைதான். டீசன்ஹோஃபனில் ரைனுக்கு மேலே கூரை போட்ட பழைய மரப்பாலம் இருக்கிறது. பாலத்தின் நடுவில் ஒரு நாடு முடிந்து மற்ற நாடு தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா பொடியனை அங்கால் முனையில் கொண்டுவந்து விடுவார். இங்கால் முனையில் நிற்கிற சுங்கக்காரர் நல்ல மனிதர், ஆற்றில் ஏதோ அதிசயம் நடப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஜெயமலர் நடுப்பாலம் வரை போய், புட்டும் மீன்பொரியலும் கட்டின பொதியைக் கொடுத்து, அவன் தின்று முடியும்வரை நின்று பார்த்துவிட்டு வருவாள். ஊரை விட்டு வந்தபிறகு அவளுடைய கையால் அவன் வயிறாறத் தின்றது, கடைசியில் கணக்குப் பார்த்தால், அந்தப் பாலத்தில்தான்.

பிறகு அவன் சாமியாருக்குப் படிக்கப் போனான். குருப்பட்டம் பெற்ற நாளில் நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். ஆயர் அவனுடைய உள்ளங்கையில் எண்ணெய் பூசினார். அந்த எண்ணெய் துடைத்த வெள்ளைத் துணியைத் தாய்க்குக் கொடுப்பது வழக்கம். தாய் செத்தால் சவப்பெட்டியில் அவளுடைய கையில் சுற்றி விடுவார்கள். மேலே போய்க் கேட்டால், நான் ஒரு குருவைப் பெற்றவள் என்று காட்டலாமாம். தாய் இல்லாதபடியால் துணி ஜெயமலரிடம் வந்தது. அலுமாரியில் கூறைச்சேலைக்கு மேலே வைத்துப் பூட்டியிருக்கிறாள். எனக்கு ஒருமுறை காட்டினாள், தொட விடவில்லை.

இத்தனையும் இருந்தும் என்ன பிரயோசனம்? அவனுக்கு எல்லைக்குப் பக்கத்திலேயே பங்குக் கோயில் கிடைத்தபோது, ஜெயமலர் சுவிசின் சிவப்புப் பாஸ்போர்ட்டும் எடுத்து, இரண்டு அடுக்குக் கறிச்சட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தது வால்ட்ரவுட். முந்தின சாமியாருக்கும் அவள்தான் சமைத்தாள், கட்டடத்தோடு சேர்ந்து வந்தவள். ஜெயமலரை, புருஷனின் பெயரை வைத்து ஃபிராவ் ராசா என்று கூப்பிட்டு, வரவேற்பறையில் இருத்தி, கோப்பி கொடுத்து, எத்தனை மணி பஸ் என்று கேட்டாள். மீன்குழம்பை வாங்கி, மூடியை இறுக்கி, வாசம் வீட்டுக்குள் வராதபடி பின்பக்கத்துக் கராஜில் இருந்த பெரிய குளிர்பெட்டிக்குள் வைத்தாள்.

ஜெயமலருக்கு வேலை முதியோர் இல்லத்துக் குசினியில். முன்பின் தெரியாத சுவிஸ் கிழவர்கள் எழுபது எண்பது பேருக்கு நாள்தோறும் சோறு போடுகிறவள், சொந்தத் தம்பிக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுக்க வழியில்லாமல் வரவேற்பறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறின கையோடு எனக்குக் கோல் எடுப்பாள். அவனுக்கு இரத்த அழுத்தமாம், உப்புப் போடக் கூடாது என்று வால்ட்ரவுட் சொன்னாளாம். அவனுடைய காற்சட்டை அளவு எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும் என்பாள். ஒருநாள் மட்டும் அழுதே விட்டாள்.

“எங்கடை ஃபாதர், எங்கடை ஃபாதர் எண்டு சொல்லுறாள் மச்சாள். ஆருடைய ஃபாதர்? நான் பீ மூத்திரம் அள்ளேக்கை இவள் எங்கை நிண்டவள்?”

வால்ட்ரவுட் கெட்டவள் இல்லை. அதை நான் அப்போதும் சொன்னேன். அதற்காக ஜெயமலர் என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை.

இப்படியே வருஷங்கள் போனபிறகுதான் அரசியல் வந்தது. அந்த நகரத்தில் கன்னியாஸ்திரிகள் விட்டுப்போன பழைய மடம் ஒன்று. அதற்குள் சிரியாக்காரர், எரித்திரியாக்காரர், உக்ரேன்காரர் என்று அகதிக் குடும்பங்கள் இருந்தன. நகரசபை அதை ஒரு ஹோட்டல்காரருக்கு விற்கப் பார்த்தது. அருட்செல்வன் பூசையில் பிரசங்கம் வைத்தான்: நான் பதினாலு வயதில் இப்படியொரு கட்டிலில்தான் படுத்து இந்த நாட்டு மொழியைப் படித்தேன், அந்தக் கட்டிலை விற்பதற்கு என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் சொன்னான். அடுத்த கிழமை கட்சி சேராத ஊர்க்காரர் சிலர் வந்து, நகரசபைத் தேர்தலுக்குத் தங்கள் பட்டியலில் நில்லுங்கள் என்று கேட்டார்கள்.

சாமியார்மார் அப்படி நினைத்தவுடன் தேர்தலில் நிற்க முடியாது. திருச்சபைச் சட்டம் விடாது, ஆயர் மனம் வைத்தால்தான் உண்டு. ஆயர் யோசித்து, ஒரு கட்சியிலும் சேராதே, பங்கு வேலை குறையக் கூடாது என்று சொல்லி நிற்க விட்டார். இன்னொன்றும் சொன்னார். அந்த நேரத்தில் சுவிசில் தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஒரு சாமியார் தேவைப்பட்டது, எங்கள் சனங்கள் அருட்செல்வனைத்தான் கேட்டிருந்தார்கள். வென்றால் அங்கே இரு, தோற்றால் ஊரோடு மனக்கசப்பு வரும், சுவிசுக்கு விடுகிறேன் என்றார் ஆயர்.

அவன் இதைத் தமக்கையிடம் சாதாரணமாகச் சொன்னான். “தோத்தா வாறன் அக்கா.”

அந்த ஒரு சொல்லோடு ஜெயமலர் கட்டில் வாங்கினாள். மகள் மதுஜா சூரிச்சில் மருந்துக்கடை வேலையோடு தனியே போயிருந்தாள். அவளுடைய பழைய அறைக்கு வெள்ளை அடித்து, சிலுவை மாட்டி, மேசைவிளக்கு வைத்து, ஜன்னலுக்குப் பச்சைத் திரை தைத்தாள். சாமியாருக்குத் தனி வீடு கொடுப்பார்கள் அம்மா என்று மதுஜா சொன்னதற்கு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எங்கே சாய்வான் என்று கேட்டாள்.

பிறகு ஐன்சீடல்ன் யாத்திரைக் கோயிலின் கறுப்பு மாதாவிடம் போனோம். நானும் கூடப் போனேன். ஜெயமலர் பெரிய மெழுகுதிரியாக வாங்கிக் கொளுத்தி, முழங்காலில் நின்று நெடுநேரம் மன்றாடினாள். திரும்பி வரும்போது ரெயினில் மெதுவாகக் கேட்டேன், கூடப்பிறந்தவன் தோற்க வேண்டும் என்று மாதாவிடம் நேர்த்தி வைக்கலாமா என்று.

“தோக்கவேணும் எண்டு கேக்கேல்லை. வெல்லாமல் பாத்துக்கொள்ளுங்கோ எண்டுதான் கேட்டனான்.”

“ரெண்டும் ஒண்டுதானேடி.”

“மாதாவுக்கு வித்தியாசம் தெரியும், மச்சாள்.”

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வைகாசியில் ஒரு ஞாயிறு அவள் ஆட்டிறைச்சி வைத்த ரோல்ஸ் சுட்டுக்கொண்டு தம்பியிடம் போனாள். ரோல்ஸ் வழக்கம்போலக் கராஜுக்குப் போனது. இவள் வரவேற்பறையில் இருந்தாள். மேசையில் அந்த ஊர்ப் பட்டியல் அச்சடித்த தாள் கிடந்தது, படங்களும் பெயர்களுமாக. தம்பியின் படத்தைப் பார்க்கலாம் என்று எடுத்தாள். முதல் பெயர் ஒரு பல்வைத்தியர். இரண்டாவது பலகை விற்கிற மரக்காலைக்காரர். மூன்றாவது ஒரு வாத்தியார். நாலாவது வால்ட்ரவுட்.

வால்ட்ரவுட்டும் தேர்தலில் நிற்கிறாள் என்று அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. முத்துமாலை போட்டு, சிரித்துக்கொண்டு நாலாவது இடத்தில் இருந்தாள். ஜெயமலர் விரலை வைத்துக்கொண்டே கீழே போனாள். தச்சர், தாதி, தபால்காரர், இறைச்சிக்கடைக்காரரின் மகன், அவனுக்கும் கீழே தாளின் அடிவிளிம்பில், இருபதுக்கு மேற்பட்ட பெயர்களுக்குப் பின்னால், கடைசியாக அருட்செல்வன்.

கோப்பியோடு வந்த வால்ட்ரவுட்டிடம் தாளைக் காட்டினாள். வால்ட்ரவுட் சிரித்தபடி, கடைசி இடம் எங்கள் ஊரில் மரியாதையான இடம், ஃபிராவ் ராசா, சனம் முதலாவதையும் கடைசியையும்தான் பார்க்கும் என்றாள். ஜெயமலர் வாழ்க்கையில் எத்தனையோ வரிசையில் நின்றவள். அகதி முகாமில் நின்றிருக்கிறாள், வெளிநாட்டார் பொலிஸில் நின்றிருக்கிறாள், வேலை தேடி நின்றிருக்கிறாள். கடைசியில் நிற்பது மரியாதை என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. ஊரில் கோயில் பெருநாள் உபயகாரர் பெயர்களை வாசிக்கும்போது எங்கள் பெயர் ஒரு இடம் கீழே போனதற்காக மரியாம்பிள்ளை மாமா ஒரு வருஷம் அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அந்த மனிதரின் மகள் இவள்.

தம்பியைக் கேட்டாள். அவனும் சிரித்தான், அங்கேதான் அக்கா என்னை நிற்கச் சொல்லிக் கேட்டவர்கள் என்றான். அதுவும் அவளுக்கு ஏறவில்லை. பாவம், பொடியனை ஏமாத்திப்போட்டினம் என்றே நினைத்தாள்.

அன்று பஸ் ஏறவில்லை. அந்த நகரத்திலேயே தில்லைநாயகி என்று எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை மரக்கறிக் கடை வைத்திருக்கிறாள். சுவிசிலுள்ள பூம்ப்ளிஸ் கோயில் திருவிழாவுக்குத் தேர் இழுக்கப் போகிற சைவக்காரி, ஆனால் ஃபாதர் அருள் என்றால் உயிர். வீடு கடைக்கு மேலே என்றபடியால், ஞாயிறென்றும் பாராமல் ஜெயமலர் போய் மணியை அடித்தாள்.

தில்லைநாயகிக்கு அந்தத் தேர்தலின் நடைமுறை தெரியும். வாக்குத்தாள் முன்கூட்டியே வீட்டுக்கு வரும், ஒவ்வொருவருக்கும் கை நிறைய வாக்குகள், ஒரே ஆளுக்கு மூன்று வரை போடலாம் என்று விளங்கப்படுத்தினாள். பட்டியலில் கீழே கிடக்கிறவனைச் சனம் மூன்று மூன்றாகப் போட்டு மேலே தூக்கிவிடலாம்.

“மூண்டோ?” என்று கேட்டாள் ஜெயமலர்.

“ஓம் அக்கா. ஃபாதருக்கு மூண்டு போட்டால் மற்ற ஆக்களுக்குக் குறையும், அவ்வளவுதான்.”

“குறையட்டும்.”

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமையெல்லாம் அவள் அந்தக் கடை வாசலில்தான். முதியோர் இல்லத்தில் லீவு எடுத்தாள். வெள்ளி பின்னேரம் என் வீட்டில் மா பிசைந்து, கிழங்கும் ஆட்டிறைச்சியும் வைத்து ரோல்ஸ் சுருட்டுவோம். தேர்தல் முடிந்து ஆடி மாசம் வந்தும் பொரித்த மணம் என் ஜம்பரில் கிடந்தது. கடை வாசலில் நின்று தமிழ்ச் சனத்துக்குத் தமிழில் சொன்னாள். எரித்திரியாக்காரருக்கும் இத்தாலிக்காரருக்கும் வெள்ளைக்காரருக்கும் தன் சுவிஸ் ஜெர்மனில் சொன்னாள். அந்தப் பக்கத்துச் சனத்துக்கு அது விளங்கும். ஒரு ரோல்ஸைக் கையில் வைத்து, மூன்று விரலைக் காட்டி, கடைசிப் பெயர், மூன்று, கடைசிப் பெயர், மூன்று என்றாள். வாங்கித் தின்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “அப்ப ஐன்சீடல்ன் மெழுகுதிரி?”

“அது வேறை. இது மானம்.”

“அவன் வெண்டுட்டால் வரமாட்டான், ஜெயமலர்.”

“வெல்ல விடுவாளோ அவள்? நாலாமிடத்திலை நிண்டுகொண்டு? என்ரை தம்பி அவளுக்கு மேலை வந்தாக் காணும். வெல்லத் தேவையில்லை.”

அவளுடைய மனக்கணக்கில் அப்படி ஒரு இடம் இருந்தது: வால்ட்ரவுட்டுக்கு மேலே, வெற்றிக்குக் கீழே. அந்த இடத்தில் தம்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு பச்சைத் திரை போட்ட அறைக்குக் கூட்டிவரலாம் என்று நினைத்தாள்.

தேர்தல் ஆனியில் ஒரு ஞாயிறு. அந்த ஊர் வாக்கு எண்ணுவது லேசில் முடியாது, திங்கள் பின்னேரம்தான் நகரமண்டபத்தில் சொன்னார்கள். ஜெயமலரும் மதுஜாவும் நானும் போனோம். வழியிலும் மண்டப வாசலிலும் ஜெயமலர் மிச்சமிருந்த ரோல்ஸ் எல்லாவற்றையும் கண்டவர் நின்றவருக்குக் கொடுத்து முடித்துவிட்டாள்.

ஊர்ப் பட்டியலுக்கு மூன்று இடம் கிடைத்தது. அந்தப் பட்டியலுக்குள் யாருக்குக் கூட வாக்கு விழுந்ததோ அவர்கள் போவார்கள். முதலாவது அருட்செல்வன். பல்வைத்தியரையும் மரக்காலைக்காரரையும் மிதித்துக்கொண்டு, அடியிலிருந்து உச்சிக்கு வந்துவிட்டான். நாலாவதாக வந்து, மயிரிழையில் வெளியே நின்றவள் வால்ட்ரவுட்.

ஜெயமலர் முதலில் என் கையைப் பிடித்து அமத்தினாள். “பாத்தியளோ மச்சாள், பாத்தியளோ.” அவளுடைய முகம் கல்யாணப் பெண்ணின் முகம்போல இருந்தது. அது எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டால், சனம் கைதட்டி ஓயும்வரை. பிறகு மெல்ல மெல்ல அந்த முகம் இறங்கியது. பக்கத்தில் நின்ற மதுஜா, “அப்ப மாமா வரமாட்டார், என்ன அம்மா?” என்று கேட்டாள். அந்தப் பிள்ளை அப்படித்தான், நேரே கேட்டுவிடும்.

மேடையில் அருட்செல்வனுக்குப் பூங்கொத்துக் கொடுத்தார்கள். அவன் அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி எங்கள் பக்கம் நடந்து வந்தான். ஜெயமலர் சேலைத்தலைப்பைச் சரிசெய்தாள். அவன் இரண்டு வரிசை முன்னாலேயே நின்று, பூங்கொத்தை வால்ட்ரவுட்டிடம் கொடுத்தான். தோற்றவளுக்குக் கொடுப்பதுதான் முறை, நல்ல பிள்ளை அப்படித்தான் செய்யும். ஆனாலும் பக்கத்தில் நின்ற எனக்கே அது பிடிக்கவில்லை.

அதன்பிறகு எங்களிடம் வந்தான். களைத்திருந்தான். தமக்கை முன்னால் வந்ததும் நகரசபைக்காரரும் இல்லை, சாமியாரும் இல்லை.

“பசிக்குது அக்கா. ரோல்ஸ் கிடக்கோ?”

ஜெயமலர் பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே எண்ணெய்க் காகிதம் மட்டும் இருந்தது. ஊருக்கெல்லாம் ஊட்டிவிட்டு வந்திருக்கிறாள், இவனுக்கு ஒன்று இல்லை. அவள் பைக்குள் இருந்து தலையை எடுக்கவே இல்லை.

அப்போது பூங்கொத்தை ஒரு கையில் பிடித்தபடி வால்ட்ரவுட் வந்தாள். தோளில் தொங்கிய பையிலிருந்து வெள்ளித்தாளில் சுற்றிய பொதி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ரோல்ஸ். வைகாசியில் ஜெயமலர் கொண்டுபோக, கராஜ் பெட்டியில் வைக்கப்பட்ட அதே ரோல்ஸ், சூடாக்கி, மொறுமொறுப்பாக.

“உங்களுடையதுதான், ஃபிராவ் ராசா. ஃபாதருக்கு மனம் சரியில்லாத நாளில் ஒன்று எடுத்துச் சூடாக்கிக் கொடுப்பேன். உப்புக் கூட என்று தெரியும். சில நாளுக்கு உப்பு வேண்டும்.”

அருட்செல்வன் நின்ற நிலையிலேயே இரண்டு தின்றான். ஜெயமலர் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தி நடுப்பாலத்தில் நின்றதுபோல அவன் முடிக்கும்வரை பார்த்தாள். இந்த முறை பொதியைப் பிடித்திருந்தது வேறொருத்தியின் கை.

மண்டபத்தை விட்டு வெளிக்கிடும்போது மதுஜா வால்ட்ரவுட்டிடம், நீங்கள் தோற்றது கவலைதானே என்று மரியாதைக்குக் கேட்டாள். வால்ட்ரவுட் தோளைக் குலுக்கினாள். தன் பெண்கள் சங்கத்துக்குத் தானே சொன்னாளாம், எனக்குப் போடாதீர்கள், மூன்றையும் ஃபாதருக்குப் போடுங்கள் என்று. வென்றிருந்தால் பின்னேரங்களில் கூட்டம் கூட்டமாக வரும், குசினியை விட்டிருப்பேன், முழங்காலும் ஏலாது. இனி என்ன, அடுத்த ஐந்து வருஷமும் சூப் நான்தான் என்று சிரித்தாள்.

பஸ்ஸில் ஜெயமலர் ஜன்னல் பக்கம் இருந்தாள். மதுஜா அவளுக்கு விளங்கப்படுத்தினாள், கடைசி இடத்தை ஊரறிந்த ஆளுக்கு வேண்டுமென்றே வைப்பார்கள், இங்கே ஷாஃப்ஹவுசனிலும் சில பட்டியலில் அப்படித்தான் என்று. இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று தாய் கேட்டாள். வால்ட்ரவுட் சொன்னவ தானே அம்மா என்றாள் மகள். எல்லை தாண்டினபிறகு ஜெயமலர் என் பக்கம் திரும்பினாள்.

“தன்ரை வாக்கையும் அவனுக்குக் குடுத்திருக்கிறாள். அதிலையும் என்னை வெண்டுட்டாள், மச்சாள்.”

ஜெயமலர் தன்னுடைய தம்பியைத் தானே ரைனுக்கு அங்கால் நிறுத்திவைத்தாள், தன்னுடைய எதிரியைத் தானே அந்தக் குசினிக்குள் பூட்டிவைத்தாள். சாவி எல்லாம் ஆட்டிறைச்சி ரோல்ஸ்.

தமிழ்ச் சனத்துக்கு மன்னாரிலிருந்து ஒரு இளம் சாமியார் வந்தார். அருமையான பிள்ளை, நல்ல குரல். ஜெயமலர் அவருடைய பூசைக்கு வருவாள், சாப்பாட்டுக்குக் கூப்பிட மாட்டாள். பச்சைத் திரை போட்ட அறை இன்னும் அப்படியே இருக்கிறது. மடத்தை நகரசபை விற்கவில்லை என்று பத்திரிகையில் வந்தது, அருட்செல்வனின் படத்தோடு. அதை வெட்டிக் கூறைச்சேலைக்கும் எண்ணெய் துடைத்த துணிக்கும் இடையில் வைத்திருக்கிறாள்.

ஜெயமலருக்கு முதியோர் இல்லத்தில் பென்ஷன் எடுக்க இன்னும் சில வருஷம். அந்த நேரமும் அடுத்த நகரசபைத் தேர்தலும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது. போன மாசம் நாங்கள் இருவரும் திரும்ப ஐன்சீடல்ன் போனோம். முந்தினதை விடப் பெரிய மெழுகுதிரி. முழங்காலில் நின்று வாய்விட்டே மன்றாடினாள், எனக்குக் கேட்டது. தம்பியின் பெயர் அதில் வரவில்லை. வால்ட்ரவுட் வெல்ல வேணும் தாயே, அவளை எப்படியாவது நகரசபைக்கு அனுப்பிவிடுங்கோ, குசினி காலியாகட்டும் என்றாள்.

மாதாவை மட்டும் நம்பி இருக்கவில்லை. இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் தில்லைநாயகி கடை வாசலில் நின்று, வால்ட்ரவுட்டைப்போல ஒரு நல்ல மனுஷி அந்த ஊரில் இல்லை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறாள். சொல்லிவிட்டு மூன்று விரலைக் காட்டுகிறாள்.